வெடிச் சத்தம் கேட்டதும் வாசலைத் தேடி ஓடும் நாய்: இந்தப் பண்டிகைக்கு என்ன செய்யலாம்?

ஓட்டைக்குடை:

எல்லாருக்கும் வணக்கம். பண்டிகைக்கு இன்னும் 5 வாரம் இருக்கிறது. வீட்டில் யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. எனக்கு மட்டும் இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. காரணம் எங்கள் மணி.

மணிக்கு 6 வயது, 18 கிலோ. என்ன இனம் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. மற்ற நாட்களில் அவ்வளவு சாது. பக்கத்தில் பாத்திரம் உருண்டு விழுந்தாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குவான். முதல் வெடி வெடித்துவிட்டால் ஆளே மாறிவிடுவான். வால் கவட்டைக்குள் போய்விடும், எச்சில் நூலாக ஒழுகும், ஒரே இரைப்பு. வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவான். எந்த இடத்திலும் நிற்க மாட்டான்.

போன வருடம் வீட்டில் 14 பேர். யாரோ வண்டியிலிருந்து பையை எடுக்கப் போனவர் கதவை ஒருக்களித்து விட்டுப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து தெருமுனையில் பெரிய வெடி ஒன்று. என் முழங்காலை இடித்துக்கொண்டு போனது மட்டும் தெரியும். அன்றைக்குக் காலையில் குளிப்பாட்டும்போது கழற்றிய கழுத்துப் பட்டையைத் திரும்ப மாட்டவே இல்லை, அது வேறு. இரண்டு ராத்திரி தேடினோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு பழைய லாரிக்கு அடியில் கிடந்தான். வலது முன்காலில் இரண்டு நகம் பெயர்ந்திருந்தது. கூப்பிட்டால் வரவில்லை. நான் தரையோடு தரையாக ஊர்ந்து போய்த்தான் எடுத்தேன்.

இந்த வருடம் கூடுதலாக 5 மாதப் பூனைக்குட்டி ஒன்றும் இருக்கிறது. அவள் பெயர் பொட்டு. அவளுக்குப் பயமெல்லாம் கிடையாது, கண்ணில் பட்டதையெல்லாம் கடிப்பாள்.

என் கேள்விகள் இவைதான். மணிக்கு ஏதாவது மாத்திரை கொடுக்கலாமா? பயப்படும்போது கட்டி அணைத்தால் பயத்தைப் பழக்கிவிடுவோம் என்கிறார் என் அண்ணன், அது உண்மையா? காதில் பஞ்சு வைக்கலாமா? அப்புறம், விருந்தாளிகள் தட்டிலிருந்து எடுத்துப் போடுவதை எப்படித் தடுப்பது? சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

பழைய_சைக்கிள்:

உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் ராணி ஞாபகம் வந்துவிட்டது. 13 வருடம் எங்களோடு இருந்தாள். 2 வயதில் தலைக்கு மேலே ஒரு வாணம் வெடித்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பயம். ஆக 11 பண்டிகை நானும் கூடவே பயந்தேன். செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்து முடித்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

மாத்திரையைப் பற்றி முதல் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கதவைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெடி பயமுறுத்தியது, சரி. மணியை வெளியே விட்டது கதவு. பயந்த நாய் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். பயந்து வெளியே ஓடிய நாய்க்கு வண்டி இருக்கிறது, கிணறு இருக்கிறது, வேறு நாய்கள் இருக்கின்றன.

14 பேர் இருக்கும் வீட்டில் "கதவைச் சாத்துங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிடம் கை நிறையச் சாமானோடு வருகிறவர் காலால் தள்ளித் திறப்பார். அதனால் எங்கள் வீட்டில் ஒரே கணக்கு: ராணிக்கும் தெருவுக்கும் நடுவில் எந்த நேரமும் 2 கதவு சாத்தியிருக்க வேண்டும். வாசல் கதவு ஒன்று, அவள் இருக்கும் அறைக் கதவு ஒன்று. ஒன்றை ஒருவர் மறந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். அறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிவிடுவேன், துணி இருந்தால் யாரும் திறக்கக் கூடாது. என் அக்கா மகனுக்கு அப்போது 9 வயது. அவனுக்குக் "கதவு அதிகாரி" என்று ஒரு பதவி கொடுத்தேன். பெரியவர்களை நம்பியிருந்த வருடங்களைவிட அந்த வருடம் நிம்மதியாகப் போனது. சொந்த அப்பாவையே வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போய் அறைக் கதவைப் பார்த்துவிட்டு வந்துதான் திறந்துவிட்டான்.

பட்டை விஷயம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் குளிப்பாட்டவே வேண்டாம். நாற்றமடித்தால் அடிக்கட்டும். பட்டையின் உட்புறத்தில் அழியாத மை பேனாவால் போன் எண்ணை எழுதுங்கள், தொங்கும் தகடு அறுந்து விழுந்தாலும் எழுத்து இருக்கும். தோலுக்கு அடியில் வைக்கும் மைக்ரோசிப் போட்டிருந்தால் நல்லது, ஆனால் அது நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. உள்ளே இருப்பது 15 இலக்க எண் மட்டும். யாராவது பிடித்துக் கொண்டுபோய் ரீடர் வைத்துப் பார்த்தால்தான் அதற்கு வேலை. பதிவில் உங்கள் பழைய போன் எண் இருந்தால் அதுவும் வீண். இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

எந்த அறை என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், மணியே முடிவு செய்திருப்பான். நான் ஒரு வருடம் படுக்கையறையில் மெத்தையெல்லாம் போட்டு ராஜ உபசாரம் செய்து வைத்தேன். ராணி திரும்பியும் பார்க்கவில்லை. துணி அலமாரியின் கீழ்த்தட்டை நகத்தால் பிறாண்டித் திறந்து உள்ளே போய்ச் சுருண்டுகொண்டாள். மூன்று பக்கமும் மரம், இருட்டு, எங்கள் எல்லாருடைய வாசனையும் அடிக்கும் துணி. அவளுக்கு அதுதான் கோட்டை. அடுத்த வருடத்திலிருந்து துணியைக் காலி செய்து, என் பழைய போர்வையை அங்கே போட்டு, அலமாரிக் கதவையே கழற்றி வைத்துவிட்டேன். போன வருடம் ஓடிப்போவதற்கு முன்னால் மணி எங்கே எங்கே நுழையப் பார்த்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள், வெளிச்சம் பளிச்சென்று அடிப்பதும் பயத்தில் பாதி. மின்விசிறியை வேகமாக வையுங்கள். ரேடியோவில் யாராவது ஒரே தொனியில் பேசிக்கொண்டிருக்கட்டும். வெடிச் சத்தத்தை மூழ்கடிக்கிறேன் என்று பாட்டை அலறவிடாதீர்கள், அது இன்னொரு தலைவலி. பஞ்சு வேண்டாம். நாய்க்குக் காதுக் குழாய் ஆங்கில 'L' எழுத்தைப் போல மடங்கி உள்ளே போகும், பஞ்சு சத்தத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. தலையை உதறிக்கொண்டே இருப்பான், ஆழமாகத் தள்ளினால் எடுக்கவும் சிரமம்.

இப்போது மாத்திரை. ஒரு வருடம், எப்போதோ கார்ப் பயணத்துக்காகக் கொடுத்த மயக்க மாத்திரை மிச்சம் இருந்தது. யாரையும் கேட்காமல் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ராணி படுத்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து விலாவில் கை வைத்தேன். உள்ளே இதயம் தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு ஜவ்வு ஏறி வந்து கருவிழியைப் பாதி மூடியிருந்தது. வெளியே ஒவ்வொரு வெடிக்கும் காதின் நுனி மட்டும் துடித்தது. பயம் கொஞ்சமும் குறையவில்லை, ஓடுவதற்குக் கால்தான் எழவில்லை. மூன்று மணி நேரம் அப்படியே கிடந்தாள். 11 வருடத்தில் நான் அவளுக்குச் செய்த பெரிய துரோகம் அதுதான். பயத்தைக் குறைக்கும் மருந்து வேறு, உடம்பை மட்டும் கட்டிப்போடும் மருந்து வேறு என்று பிற்பாடு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மருந்துப் பெயர்களை, கால்நடை மருத்துவமனையில் வேலை செய்யும் நம் ஊசிக்காரன் வந்து சொல்லட்டும்.

கட்டி அணைப்பது பற்றி உங்கள் அண்ணன் சொல்வது பழைய நம்பிக்கை. உட்கார், கை கொடு என்று பழக்குவதுபோலப் பயத்தைப் பழக்க முடியாது. அது செயல் இல்லை, உணர்ச்சி. ஆறுதல் சொன்னால் அது வளராது. ஆனால் நாமாகப் போய் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அவனாக வந்து ஒட்டிக்கொண்டால் மெதுவாகத் தடவிக் கொடுங்கள். ஒளிந்துகொண்டால் விட்டுவிடுங்கள். வெளியே இழுத்து "பார், ஒன்றுமில்லை பார்" என்று காட்டுவதுதான் கொடுமை. அதையும் நான் செய்திருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே பலன் கொடுத்தது ரொம்பச் சின்ன விஷயம். ஒவ்வொரு வெடி கேட்டவுடனும் அவளுக்குப் பிடித்த தீனியில் ஒரு துண்டு. வெடி, தீனி. வெடி, தீனி. நல்ல பிள்ளையாக இருந்தால்தான் என்று நிபந்தனை எதுவும் கிடையாது, நடுங்கிக்கொண்டிருந்தாலும் கொடுக்க வேண்டும். பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ரீமர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வளர்க்கும் 1,225 பேரிடம் வெடிப் பயத்துக்கு எது உதவியது என்று கேட்டிருந்தார். இந்த முறையைச் செய்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பலன் இருந்தது என்றார்கள். காசு கொடுத்து வாங்கும் மூலிகைச் சொட்டு, வாசனைத் திரவம் எல்லாம் அதற்கு வெகு கீழே. முதல் வெடியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். பயம் உச்சிக்குப் போய்விட்டால் வாயில் வைத்தாலும் விழுங்க மாட்டான்.

5 வாரம் இருப்பதால் பதிவு செய்த வெடிச் சத்தத்தைப் போட்டும் பழக்கிப் பார்க்கலாம். உங்களுக்கே கேட்குமா கேட்காதா என்ற அளவில் தொடங்குங்கள். சத்தம் வரும், தீனி வரும், சத்தம் நிற்கும், தீனியும் நிற்கும். அவன் காதைப் பின்னுக்கு மடித்தால் அன்றைக்கு நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி இறங்குங்கள். எல்லா நாய்க்கும் இது பலிக்காது. ராணி இரண்டாம் நாளே ஸ்பீக்கரைக் கண்டுபிடித்து முகர்ந்து பார்த்துவிட்டாள்.

இன்னொன்று. மணிக்கு இந்தப் பயம் சின்ன வயதிலிருந்தே உண்டா, இல்லை போன வருடம் புதிதாக வந்ததா? வளர்ந்த நாய்க்குத் திடீரென்று சத்தப் பயம் வந்தால் இடுப்பிலோ மூட்டிலோ வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். சத்தத்துக்குத் துள்ளும்போது வலிக்கிறது, பிறகு சத்தம் என்றாலே வலி என்று மனதில் பதிந்துவிடுகிறது. ராணிக்கு 9 வயதுக்கு மேல் பயம் கூடியதற்குக் காரணம் இடுப்பு மூட்டு. வலிக்கு மருந்து கொடுத்த வருடம் பாதிதான் நடுங்கினாள்.

நேர்வழி:

எங்கள் வீட்டில் 30 வருடத்துக்கு முன்னால் 4 நாய் இருந்தது. வெடியெல்லாம் அதற்கும் கேட்டது, எங்களுக்கும் கேட்டது. யாரும் அலமாரியைக் கழற்றவில்லை. நாயை நாயாக வளர்த்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பழைய_சைக்கிள்:

நேர்வழி, எங்கள் வீட்டிலும் அந்தக் காலத்தில் நாய்கள் இருந்தன. பண்டிகை முடிந்ததும் ஒன்று இருக்காது. "எங்கேயோ போய்விட்டது" என்போம், அதோடு பேச்சு முடிந்துவிடும். உங்கள் நாலும் கடைசி வரைக்கும் வீட்டிலேயே இருந்தனவா? சண்டைக்குக் கேட்கவில்லை. ஞாபகப்படுத்திப் பாருங்கள். (கதவைக் கழற்றினேன், அலமாரியை இல்லை.)

ஊசிக்காரன்:

கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை எனக்கு. பண்டிகை இரவு டூட்டி எப்போதும் என் தலையில்தான் விழும், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பழைய சைக்கிள் சார் கொடுத்த மயக்க மாத்திரை அநேகமாக அசிப்ரோமசின். அந்த வெள்ளை ஜவ்வு, அதாவது மூன்றாவது இமை, ஏறி வந்தது அதன் அடையாளம். தனியாக அதைக் கொடுத்தால் அவர் பார்த்ததுதான் நடக்கும். சில நாய்களுக்கு அதைக் கொடுத்த பிறகு சத்தம் இன்னும் அதிகமாக உறைக்கும். இப்போது டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது டிராசோடோன், கபாபென்டின் மாதிரியானவை. ஒலிப் பயத்துக்கென்றே வந்த டெக்ஸ்மெடெடோமிடின் ஜெல்லும் உண்டு. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவுவது, விழுங்கிவிட்டால் சரியாக வேலை செய்யாது. எதுவானாலும் டாக்டர் எடை பார்த்து, இதயம், ஈரல் பார்த்து எழுத வேண்டும். மாத்திரையைச் சத்தம் தொடங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். நாய் நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்துவிட்டு "வேலையே செய்யவில்லை" என்று போன் செய்பவர்கள்தான் அதிகம். பண்டிகைக்கு முன்னால் ஓர் அமைதியான நாளில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். சில நாய்களுக்கு எதிர்மாறாகத் துள்ளல் கூடும், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நாள் பண்டிகை நாள் இல்லை. உங்களுக்கு 5 வாரம் இருக்கிறது, இந்த வாரமே போய்விடுங்கள். முதல் நாள் மாலை வந்து நின்றால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சாப்பாடு. மணி 18 கிலோ என்பதால் அவனுக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன். சாக்லேட்டில் நாய்க்கு ஆகாதது தியோபுரோமின். உடம்பின் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமை தொடங்கும். 40, 50-இல் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60-இல் வலிப்பு வரலாம். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு 2 மில்லிகிராம்தான், அதனால் மணிக்கு 180 கிராம் தின்றால்தான் தொல்லை ஆரம்பம். சர்க்கரை சேர்க்காத சமையல் சாக்லேட்டில் 14 மில்லிகிராம் வரை உண்டு, அதில் 25 கிராம் போதும். கொக்கோ தூள் அதற்கும் மேல். தின்று 6 மணி நேரம் கழித்துக்கூட ஆரம்பிக்கும், ஆகவே "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். என்ன சாக்லேட், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் போனில் சொல்லுங்கள், உறையையும் கையோடு எடுத்து வாருங்கள்.

உலர்ந்த திராட்சைக்கு இப்படிக் கணக்கே கிடையாது. ஒரு நாய் கைநிறையத் தின்றும் சும்மா இருக்கும், இன்னொன்றுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் போய்விடும். டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல்தான் பேச ஆரம்பித்தார்கள். ஒன்று உள்ளே போனாலும் போன் செய்யுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது விருந்தாளிகளின் கைப்பைக்கு. சர்க்கரை இல்லாத சூயிங்கம் பலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். நாய்க்கு அது போனால் அரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரிந்து தள்ளாட ஆரம்பிக்கும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும், மணிக்கு 2 கிராமுக்கும் கீழே. பையில் வலி மாத்திரையும் இருக்கும். இபுபுரோஃபென் நாய்க்கு வயிற்றில் புண், அளவு கூடினால் சிறுநீரகமும் போகும். பாராசிட்டமால் பொட்டுவுக்கு ஒரே ஒரு மாத்திரையிலேயே உயிரைக் கொல்லும், பூனைக்கு அதைச் செரிக்கும் வழியே உடம்பில் இல்லை. எல்லாப் பைகளையும் வாங்கி உயரமான ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள். "பத்திரமாக இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தட்டிலிருந்து போடுபவர்களுக்கு ஒரு வழி. மணிக்கு என்று தனியாக ஒரு கிண்ணத்தில் அவனுடைய வழக்கமான தீனியை வைத்து, "இதிலிருந்து கொடுங்கள்" என்று கையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் ஆசையும் தீரும். வேக வைத்த எலும்பு மட்டும் கூடவே கூடாது, சில்லுச் சில்லாக உடையும்.

என்ன தின்றிருந்தாலும் உப்புக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பாலேயே செத்துப்போகும் அபாயம் உண்டு. பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கியிருந்தால் எந்த முறையிலும் வாந்தி கூடாது, ஏறி வரும் வழியெல்லாம் புண்ணாக்கும். விளக்குச் சரத்து ஒயரைக் கடித்து அதிர்ச்சி வாங்கியிருந்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள், அதற்கு முன் தொடாதீர்கள். எழுந்து நடந்தாலும் கொண்டு வாருங்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு பல மணி நேரம் கழித்துதான் மூச்சுத் திணறல் தெரியும். தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீர் பத்து நிமிடமாவது, ஐஸ் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

மூணுபூனை:

பொட்டுவைப் பற்றி யாரும் முழுசாகப் பேசவில்லையே, நான் வருகிறேன்.

5 மாதக் குட்டிக்கு முதல் எதிரி நூல். பரிசுப் பொட்டலத்து ரிப்பன், ஜிகினாச் சரம், பலூன் கயிறு, எல்லாமே அவளுக்கு எலி வால்தான். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வாயில் போன நூலைத் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் முடியும். எங்கள் நடுப் பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் மூலையில் குந்தியிருந்தது. வாந்தி வேறு. வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. டாக்டர் தாடைக்குக் கீழே விரலை வைத்து நாக்கைத் தூக்கினார். அடியில் தங்க நிற நூல் ஒன்று சதைக்குள் அறுத்துக்கொண்டு சுற்றியிருந்தது. மறுமுனை குடலில். ஒரு முனை மாட்டிக்கொண்டால் குடல் அந்த நூலின் மேலேயே நாடா கோத்த பாவாடை மாதிரி சுருங்கிப்போகுமாம். இழுத்தால் குடல் அறுந்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் நுனி தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எங்கள் பூனைக்கு அறுவை சிகிச்சை செய்து இப்போது நன்றாக இருக்கிறது. வீட்டில் ரிப்பன் என்ற பொருளே கிடையாது, பொட்டலம் பிரித்த கையோடு எல்லாம் மூடி போட்ட குப்பைத் தொட்டிக்குள்.

விருந்துக்கு வருகிறவர்கள் பூங்கொத்து கொண்டு வந்தால் அதில் லில்லி இருக்கிறதா என்று பாருங்கள். இதழ், இலை, மகரந்தம், குவளைத் தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம். மேலே உதிர்ந்த மகரந்தத்தை நக்கினால்கூட மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். நக்கியது தெரிந்ததும் கிளம்ப வேண்டும், அறிகுறி வரும்வரை காத்திருந்தால் நேரம் தாண்டிவிடும்.

பொட்டுவுக்குப் பயமில்லை என்று நினைத்து ஏமாறாதீர்கள். நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கீச்சொலி கேட்கும் என்பார்கள், பூனைக்கு 64,000. சீறிக்கொண்டு மேலே போகும் வாணம் அவளுக்கு எப்படிக் கேட்கும் என்று நமக்குக் கற்பனையே வராது. மணியோடு ஒரே அறையில் அடைக்காதீர்கள், பயந்த நாய் யாரையும் கடிக்கும். தனி அறை, மண் தட்டு, தண்ணீர், கூண்டுப் பெட்டி கதவு திறந்தபடி. பூனை ஓடிப்போனால் நாய் மாதிரி ரொம்ப தூரம் போகாது, பெரும்பாலும் நாலைந்து வீட்டுக்குள் ஏதாவது இடுக்கில் சத்தம் போடாமல் பதுங்கியிருக்கும். நடு இரவில் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துத் தேடினால் கண் மின்னும்.

கூண்டுக்கு_வெளியே:

சைக்கிள் சார் சொன்ன சாத்திய அறையில் பறவைக் கூண்டும் இருந்தால் ஒரு வார்த்தை. புகை, ஊதுவத்தி, வாசனை மெழுகுவத்தி எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். அதைவிட மோசம் ஒட்டாத வாணலியை வெறுமனே அடுப்பில் விட்டுவிடுவது. அது அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை மனிதருக்குத் தெரியாமலே கிளியை நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டை முழுசாக மூடி இருட்டாக்காதீர்கள், ஒரு மூலையில் சின்ன விளக்கு எரியட்டும். காக்கட்டீல் மாதிரிப் பறவைகள் இருட்டில் அதிர்ந்தால் கண்மூடித்தனமாகக் கம்பியில் மோதி இறக்கையை உடைத்துக்கொள்ளும்.

ஓட்டைக்குடை:

எல்லாருக்கும் நன்றி. சைக்கிள் அண்ணா, நீங்கள் கேட்டதை யோசித்தேன். மணிக்குச் சின்ன வயதிலிருந்தே பயம்தான், புதிதாக வந்ததில்லை. போன வருடம் முதலில் கட்டிலுக்கு அடியில்தான் போனான். அங்கே பெட்டிகள் அடைத்து வைத்திருந்தேன், இடமில்லை. அதனால்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான். இத்தனை நாளாக இது எனக்குத் தோன்றவே இல்லை.

நாளைக்கு டாக்டரிடம் போகிறேன். நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் 3 நாள் விடலாமா என்றும் ஒரு யோசனை. அப்புறம், எல்லாவற்றையும் மீறி ஓடிவிட்டால்?

பழைய_சைக்கிள்:

விடுதி என் கருத்தில் வேண்டாம், அவன் ஏற்கெனவே அங்கே தங்கிப் பழகியிருந்தால் ஒழிய. தெரியாத இடம், தெரியாத வாசனை, அதோடு வெடியும். பண்டிகைக் காலத்தில் அங்கேயும் கூட்டமாக இருக்கும்.

ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு பத்துப் பேர் ஓடினால் அவனுக்கு அது இன்னொரு வேட்டை. பீதியில் இருக்கும் நாய்க்குச் சொந்தக்காரரையே அடையாளம் தெரியாது. கண்ணில் பட்டால் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்காருங்கள், நேராகப் பார்க்காதீர்கள், தீனியைச் சிதறவிடுங்கள். நீங்கள் போட்ட சட்டையும் அவன் போர்வையும் தொலைந்த இடத்தில் ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். லாரிக்கு அடியில் நீங்கள் ஊர்ந்து போனீர்களே, அதைவிடச் சரியாக நானே செய்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு மாலை வெளிச்சம் இருக்கும்போதே நீளமாக நடத்திக் கூட்டிப்போய், சிறுநீர், மலம் எல்லாம் முடித்துவிடுங்கள். பட்டை ஒன்று, மார்பு வார் ஒன்று, இரண்டிலும் கயிறு. பின்னுக்கு இழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும் வித்தை பயந்த நாய் எல்லாவற்றுக்கும் தெரியும்.

ஓட்டைக்குடை:

6 வாரம் கழித்து வருகிறேன், பண்டிகை முடிந்துவிட்டது.

கட்டிலுக்கு அடியில் பெட்டிகளை எடுத்துவிட்டு மூன்று பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டேன். ஒத்திகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கொடுத்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தோம். கொஞ்சம் தள்ளாடினான், நன்றாகத் தூங்கினான், அவ்வளவுதான். டாக்டர் அளவைச் சற்றுக் குறைத்தார். பண்டிகை அன்று 5 மணிக்குக் கொடுத்தேன், முதல் வெடி 7 மணிக்கு மேல். நானும் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வெடி, தீனி, வெடி, தீனி. ஏழெட்டுத் துண்டு வரைக்கும் வாங்கினான். அதற்கப்புறம் சரமாரியாக வந்தபோது வாங்கவில்லை, நடுங்கினான். ஆனால் ஓட முயற்சிக்கவில்லை. எச்சிலும் ஒழுகவில்லை. 9 மணிக்கு மேல் தாடையை என் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டான், எடுக்கவே விடவில்லை. விருந்தாளிகள் எல்லாரும் வீட்டுக்காரி எங்கே என்று தேடியிருக்கிறார்கள்.

கதவு அதிகாரி என் அண்ணன் மகள், 8 வயது. மூன்று முறை மாட்டியது அவளுடைய அப்பாதான்.

பொட்டு எதற்கும் அசையவில்லை. அடுத்த நாள் காலை வாசலில் வெடித்துப் போன குழல் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். நல்ல வேளை, அப்போதுதான் கவ்வியிருந்தாள், பிடுங்கிக் கழுவி விட்டேன். ஊசிக்காரன் தம்பி, அதில் இருக்கும் ரசாயனம் விஷம்தானே? இப்போது வரைக்கும் நன்றாகச் சாப்பிடுகிறாள்.

இன்னொரு சந்தேகம். இன்றோடு மூன்று நாள் ஆகிறது, மணி இன்னும் சாப்பாட்டுக்கு மட்டும்தான் கட்டிலை விட்டு வெளியே வருகிறான்.

ஊசிக்காரன்:

ஆமாம் அக்கா, பேரியம் மாதிரி உலோக உப்புகள் இருக்கும். விழுங்கியிருந்தால் சில மணி நேரத்திலேயே வாந்தி, எச்சில், தளர்ச்சி தெரிந்திருக்கும். மூன்று நாள் ஆகிவிட்டது, சாப்பிடுகிறாள் என்றால் பயம் வேண்டாம். வாசலைக் கூட்டிய பிறகு ஒரு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், புல் இருக்கும் இடத்தைக் கையால் பொறுக்குங்கள்.

பழைய_சைக்கிள்:

மணி வரும்போது வரட்டும். ராணிக்குச் சில வருடம் நாலு நாள் ஆகும், ஒரு வருடம் ஒரு வாரமே ஆயிற்று. மிச்சம் இருக்கிற வெடியை யாராவது இன்னும் கொளுத்திக்கொண்டுதான் இருப்பார்கள், அது ஓயும் வரைக்கும் பட்டையைக் கழற்றாதீர்கள். பெட்டிகளைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள். போர்வையைத் துவைக்கவும் வேண்டாம்.